கேட்டுக்காரம்மாவின் எட்டு கார்டுகள்

அந்த ஆபீஸில் சர்வரைப் பார்த்துக்கொள்பவளுக்குப் வாசல் கேட்டைக் காப்பவள் போல என்று பட்டப்பெயர் கேட்டுக்காரம்மா. ஒயரும் பெட்டியும் இல்லாமல் சர்வருக்குள்ளேயே, நெட்வொர்க்கில் இணைய உதவும் கார்டு ஒன்றை வெறும் கட்டளையாலேயே உருவாக்கிக்கொள்ளலாம். அந்த உரிமையைப் பன்னிரண்டு வருஷமாக அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

"உங்க கையில கொடுத்தா சர்வர் பொழப்பு சந்தி சிரிச்சிடும். வேணும்னா கேளுங்க, நானே போட்டுத் தரேன்" என்பாள்.

ஒரு ஆளுக்கு எட்டு கார்டுக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பும் வைத்திருந்தாள். சட்டம் என்றால் தனக்கும்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

இன்று முதல்முறையாக அவளுக்கே ஒரு கார்டு தேவைப்பட்டது. கட்டளையைத் தட்டினாள். 'உங்கள் எட்டும் முடிந்துவிட்டது' என்றது சர்வர்.

திருதிருவென்று விழித்தாள். தனக்கென்று ஒன்றுகூடப் போட்டுக்கொண்டதில்லையே! கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். அதே பதில். பாஸ்வேர்டை எவனோ திருடிவிட்டான் என்றே முடிவுகட்டி, பக்கத்து சீட்டில் டெஸ்டிங் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் கார்டுகளின் பட்டியலைப் பார்த்தாள். "எட்டும் உங்க பேர்லதான்க்கா இருக்கு. மூணாவது நீங்க எனக்குப் போட்டுக் கொடுத்தது. அஞ்சாவது மேனேஜருக்கு. எட்டுமே இப்ப ஓடிக்கிட்டிருக்கு, எதையும் அழிக்க முடியாது."

"அதெல்லாம் உங்களோடதுதானே? என் கணக்குல ஏன் ஏறுது?"

"போட்டது நீங்கதானேக்கா."

கேட்டுக்காரம்மா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப உன் பேர்ல எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன்."

"போட்டுடலாம்க்கா" என்றாள் அந்தப் பெண். "கேட்டுக்காரம்மா உரிமை கொடுக்கணுமே!"