முகத்துவாரம் ஆல்பமும் ஜோயலின் முறையும்

தோணிரேவு கிராமத்து அஜித்குமாருக்கு இரண்டு தொழில். ஏரியில் இறால் வலை போடுவான். ஆடி மாதத் திருவிழாக்களில் கச்சேரிக் குழுவோடு கீபோர்டு வாசிப்பான். முப்பத்தைந்து வயதில் ஜாஸ் பித்தும் சேர்ந்துகொண்டது. செல்போனில் கேட்டுக் கேட்டே கற்றவன், நிஜப் பியானோவைத் தொட்டது சென்னை ஸ்டூடியோவில்தான். டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஜோயல் என்று ஆள் சேர்த்து, ‘முகத்துவாரம்’ என்று ஆல்பமே போட்டுவிட்டான்.

விமர்சனமும் வந்தது. சென்னைக்காரர் ஒருவர் இணையத்தில் ஆறு வரி எழுதியிருந்தார். அதில் நாலு வரி ஏரிக்கு வரும் பூநாரைகளைப் பற்றி. முதல் உருப்படிக்கு மேல் அந்த மனிதர் கேட்கவேயில்லை என்பது அஜித்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மனைவி பூவிழிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினான்.

“நாரை நல்லாக்குதுன்றாரு. உன்ன இன்னா சொன்னாரு?” என்றாள் அவள்.

ஊரில் வேறு வம்பு காத்திருந்தது. ஏரியில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் நுழையக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை வராதவன் பெயரை அந்த வருஷம் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். ரெக்கார்டிங் மும்முரத்தில் அஜித் விட்டது சரியாக மூன்று. பெயர் போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஜாஸை நம்பி யார் உலை வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, வலைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். “ஊர வுட்டுட்டு அப்டி இன்னாதான் வாசிச்ச? போடு, கேப்போம்” என்றார் தலைவர் கோதண்டம்.

ஸ்பீக்கரில் நாற்பது நிமிஷமும் ஓடியது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அஜித்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேர் முழுசாகக் கேட்டது அன்றுதான்.

“பாட்டே இல்லியேடா” என்றார் ஒருவர்.

“ஆளுக்கு ஒரு மொற எடுத்துக்கினு வாசிப்போம். ஒருத்தர் மொறையில மத்தவங்க ஒதுங்கி நிப்போம்” என்று அஜித் விளக்கினான்.

கோதண்டம் தலையாட்டினார். “அது கேக்கசொல்லவே புரிஞ்சிடுச்சு. நாலாவது உருப்படியில அந்தத் தொம்தொம்காரன் மொற வந்துது. அவன் ஆரம்பிக்கறதுக்குள்ள நீ பூந்துட்டியே, ஏன்?”

அஜித்துக்கு வேர்த்துவிட்டது. அந்த இடத்தில் ஜோயல் பேஸ் கிட்டாரில் இரண்டு நிமிஷம் வாசித்திருந்தான். பியானோவே எடுபடாத அளவுக்கு நன்றாக வாசித்திருந்தான். ஜோயல் கிளம்பிப் போனதும் அதை வெட்டச் சொன்னது அஜித்தான். பொறாமை, வேறொன்றுமில்லை.

“தப்புதான் தலைவரே.”

“என்னாண்ட சொல்லி இன்னா பண்ண? அவனுக்குப் போனப் போடு.”

எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரிலேயே அஜித் விஷயத்தை ஒப்புக்கொண்டான். மறுமுனையில் ஜோயல், “மூணு மாசமா, என் வாசிப்பு எங்க போச்சுனு யாராவது கேப்பாங்களானு பாத்துக்கினே இருந்தேண்ணா. எங்க வூட்லகூட யாரும் கேக்கல. இப்போ கேட்டது யாரு?” என்றான்.

கோதண்டம் போன் பக்கம் குனிந்தார். “தோணிரேவு ஆளுங்கப்பா. உன் ரெண்டு நிமிஷம் திரும்பி வர்ற வரைக்கும் இவனுக்கு ஏரியில மொற கெடையாது.”