சிங்கப்புலியின் அம்மா

அந்த மிருகப் பண்ணையில் அவளுக்கு வாளிக்காரி என்றுதான் பேர். அவள் இறைச்சி வாளியைக் கம்பியில் தட்டினால் போதும், பெண்புலி எந்த மூலையில் கிடந்தாலும் எழுந்து வந்துவிடும். வேறு யார் தட்டினாலும் காதைக்கூட அசைக்காது. முதலாளியே தட்டிப் பார்த்து அசடு வழிந்திருக்கிறார்.

அந்தப் புலியை முதலாளி ஓர் ஆண் சிங்கத்தோடு சேர்த்துவிட்டார். குட்டி வயிற்றுக்குள்ளேயே அளவுக்கு மீறி வளர்ந்துவிட, டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார். இன்னொரு தடவை சினைப்பட்டால் புலி பிழைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். குட்டி மளமளவென்று வளர்ந்து அப்பனையும் மிஞ்சியது. வாசலில் பெரிய பலகை ஏறியது: சிங்கப்புலி. கூட்டம் அலைமோதியது. பெற்றவள் பின்பக்கக் கூண்டில் கேட்பாரற்றுக் கிடந்தாள்.

"பெத்தது புலி. அது பேரு ஏன் பின்னாடி?" என்று வாளிக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அப்பன் பேருதான் முன்னாடி வரும். அப்பன் புலியா இருந்தா புலிச்சிங்கம். உலகம் பூரா அப்படித்தான்" என்றார் முதலாளி, பல்லைக் குத்திக்கொண்டே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குழந்தையோடு அவளை விட்டு ஓடிப்போனவனின் பேர்தான் அவள் மகளின் பேருக்கு முன்னாலும் நிற்கிறது.

போகப்போக சிங்கப்புலிக்குத் தன் எடையைத் தானே தாங்க முடியவில்லை. இடுப்பு விழுந்து படுத்துவிட்டது. படுத்துக் கிடப்பதைப் பார்க்க யார் வருவார்கள்?

"இன்னொண்ணு வேணும். அடுத்த வாரம் புலிக்குப் பருவம். மயக்க ஊசி போட்டா காரியம் கெட்டுடும். நீ வாளியத் தட்டி சிங்கத்துக் கூண்டுக்குக் கூட்டிட்டு வந்துடு."

"செத்துடும்னு டாக்டர் சொன்னாரே முதலாளி!"

"குட்டி பொழச்சா போதும்."

பாவி! வாளியைத் தூக்கி அவர் மூஞ்சியில் வீச அவளுக்குக் கை துறுதுறுத்தது. வேலையை உதறிவிட்டும் போயிருப்பாள். ஆனால் அவள் போனால் இன்னொருத்தியைப் பழக்கிக் காரியத்தை முடித்துவிடுவார்.

மறுநாள் அவள் காலி வாளியைத் தட்டினாள். புலி ஓடி வந்தது. வாளியைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது. அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அப்புறம் சத்தம் காட்டாமல் பின்பக்கமாக இறைச்சியைத் தள்ளினாள். தினமும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஓடி வந்த புலி அப்புறம் நடந்து வந்தது. பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது.

குறித்த நாளில் முதலாளி ஆட்களோடு வந்து நின்றார். "ம், தட்டு."

வாளி நெளியும்படி தட்டினாள். புலி தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"என்னாச்சு இதுக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"என்னைக் கேட்டா? போய் அப்பனைக் கேளுங்க. அவன் பேருதான முன்னாடி நிக்குது!"

பருவம் கடந்தது. ஒரு காலையில் அவள் வாளி நிறைய இறைச்சியோடு போய் மெதுவாகத் தட்டினாள். புலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"வராதடி கண்ணு" என்றாள். "நானே கூப்பிட்டாலும் வராத."