எட்டு இன்ச் திரையில் வளைந்த கோடு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கார்களுக்கான சர்க்யூட் போர்டு செய்கிறார்கள். பிரேக்கோடு சேரும் போர்டு அது. ஈயம் வைத்து ஒட்டிய இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் விளக்கின் கீழ் பார்த்து அனுப்புவதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. போன வருடம் அடுத்த கிரேடுக்குத் தேர்வு வைப்பதாகச் சொன்னார்கள். படிக்க வேண்டியது முழுக்கப் படங்களும் கட்டங்களுமாக ஒரு பிடிஎஃப். போனில் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிக்கலாம் என்று ஒரு சின்ன டேப் வாங்க நினைத்தேன்.

கடைக்குத் துணைக்கு வந்தவள் என் பக்கத்து மேஜைக்காரி. பென்னலூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அதே ஊரில் வாடகைக்கு இருப்பவள். ஸ்ரீபெரும்புதூர் கடையில் இரண்டு டேப் எடுத்து வைத்தார்கள். இரண்டும் எட்டு இன்ச். ஒன்றில் எழுத்து அச்சடித்தது போலத் துல்லியமாக இருந்தது. ஆனால் சுற்றி ஓரமே இல்லை. ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் திரையில் பட்டுப் பக்கம் தானாகத் தள்ளிப் போனது. முதுகும் வழுக்கியது. இன்னொன்றில் கட்டைவிரல் வைக்க இடம் இருந்தது, எடையும் குறைவு. எழுத்து மட்டும் கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் பிசிறடித்தது.

"இன்னாக்கா யோசிச்சிக்கினு கீற? அது கண்ணாடி மாதிரி கீது பாரு. இத்தையே வாங்கிக்கோ" என்றாள்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு புள்ள. பஸ்ல ஒத்தக் கையில பிடிக்கணும்லா?"

பிடிக்க வசதியானதையே வாங்கினேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக இருக்க வேண்டிய கோடுகள் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தன. பக்கத்தை நகர்த்தினேன். வளைவு நகரவில்லை. திரை தரமில்லாதது, பிசிறு அன்றைக்கே தெரிந்ததே, அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. சாயங்காலம் அவளையும் இழுத்துக்கொண்டு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனேன்.

கடைக்காரர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு மேடம்?"

"இல்லங்க, நடுவுல பாருங்க."

அவர் அந்தத் துல்லியமான டேப்பை எடுத்து, என் பிடிஎஃப்பை அதற்கு அனுப்பி, அதே அட்டவணையைத் திறந்து என் முன்னால் வைத்தார். அதிலும் கோடு வளைந்தது, அதே இடத்தில்.

நான் அவளைப் பார்த்தேன். "நேராத்தான் கீதுக்கா" என்றாள் மெதுவாக.

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அவள் முகத்தில் காதும் முடியும் தெரிந்தன. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. "வெளிச்சம் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு என் டேப்பையே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்கு வேறு கம்பெனி, வேறு ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேசுவோம். காலையில் கண் விழித்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஃபேனைப் பார்ப்பேன். நடுவில் உள்ள மூடி தெரியாது, இறக்கைகள் மட்டும் தொங்கும். ஜன்னல் கம்பி, தரை டைல்ஸ், பஸ் கதவு என்று கோடு உள்ளதையெல்லாம் சோதித்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் வளைந்தது. ஒரு கண் போனால் இன்னொன்றும் போகுமா? கண் போனவளுக்கு இந்த ஊரில் என்ன வேலை கொடுப்பார்கள்? குழம்பு கொதிக்கும்போதும் அதே நினைப்புதான்.

அதைவிடப் பெரிய பயம் மேஜையில் உட்கார்ந்ததும் வந்தது. சந்தேகமான இடத்தை இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பது என் பழக்கம். எத்தனை நாளாக அந்தத் திட்டு வழியாகப் பார்த்து நல்ல போர்டு என்று அனுப்பியிருக்கிறேன்? அந்த மூன்று நாளும் இடது கண்ணால் மட்டும் பார்க்க முயன்றேன். ஆனால் வேகம் வரும்போது பழக்கம்தான் ஜெயித்தது.

நான்காம் நாள் அவள் என் தட்டிலிருந்து தற்செயலாக ஒரு போர்டை எடுத்தாள்.

"அக்கா, இத்த பாஸ் பண்ணிட்டியா?"

வாங்கி வலது கண்ணால் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தேன். முடி போல ஒரு விரிசல் குறுக்கே ஓடியது. போர்டை மேஜையில் வைத்தேன். எழுந்து நேராக லைன் லீடரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர்.

"சார், எனக்கு வலது கண்ணு தெரியல."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளிறிப் போனது. "எத்தன நாளாக்கா?"

"தெரியல சார். தெரிஞ்சு நாலு நாளாச்சு. அதுக்கு முன்ன எப்பன்னு தெரியல."

லைனை நிறுத்தினார். கடைசி மூன்று வாரத்தில் நான் பார்த்ததையெல்லாம் தனியே எடுத்து வைக்கச் சொல்லிப் போன் போட்டார். கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதிதான் வந்தது. மீதி ஏற்கெனவே லாரி ஏறிப் போயிருந்தது.

மறுநாள் கணவர் லீவு போட்டுவிட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தில் ஒரு மேட்டைக் காட்டி, விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

கையுறை போட்டுப் போட்டு விரல்களில் வந்த அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது ஸ்டீராய்டும்மா. இதனாலகூட வந்திருக்கலாம். பட்டுன்னு நிறுத்தாதீங்க, நான் எழுதித் தர்ற மாதிரி கொறச்சிக்கிட்டே வாங்க. பெரும்பாலும் நீர் தானா வத்திடும். வத்தலேன்னா வேற வைத்தியம் பாக்கலாம்."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினேன். என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். அந்த முறை தேர்வு எழுதவில்லை. ஆனாலும் பஸ்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி இடது கண்ணால் படித்தேன். அவ்வளவு பெரிய எழுத்துக்கு அந்தப் பிசிறு தெரியவே இல்லை. குலுங்கும் பஸ்ஸில் கைக்கு அடங்கியது பெரிய உதவியாக இருந்தது. சாம்பல் திட்டு மெல்ல வெளுத்து ஒரு கறை போல ஆனது. நான்காவது மாதம் எடுத்த படத்தில் மேடு இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு கோட்டில் இன்னும் சின்ன நெளிவு இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளில் விரிசல் விட்ட போர்டுகள் ஐந்து. லாரியில் போனதற்கு என்ன பதில்? பேக்கிங்குக்குப் போன முதல் வாரமே லைன் லீடரிடம் கேட்டேன். "உங்களுக்கப்புறம் ஒரு மெஷின் டெஸ்ட் இருக்குக்கா. முழுசா உடைஞ்சிருந்தா அதுல நின்னிடும்."

"மயிரிழை விரிசல்?"

அது மெஷினிலும் தப்பிவிடலாம் என்பதால் வாங்கிய கம்பெனிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். சாலையில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றாலும் திரும்பிப் பார்த்தேன். பல வாரம் கழித்து ஒரு மதியம் லைன் லீடர் பேக்கிங்குக்கே வந்து மெயிலைக் காட்டினார். கார்களில் பொருத்தும் முன்பே அத்தனையையும் நிறுத்திச் சோதித்ததாகவும், மேலும் இரண்டைக் கழித்ததாகவும் இருந்தது. மூன்று முறை படித்தேன். படித்துவிட்டு அங்கேயே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

அன்று பஸ் ஏறியதும் தூங்கிப்போனேன். பென்னலூரில் அவள்தான் தோளைத் தட்டி எழுப்பினாள்.