செந்தாமரை சொல்லிக்கொண்டு வந்தது

வடக்குப்பட்டு செந்தாமரைக்குத் தையல் தெரியும் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பவள் அவளேதான். ஒரகடத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தடித்த துணி, நேர்த் தையல், வளைவு வந்தால் ஒரு திருப்பு. அவ்வளவுதான் அவள் வித்தை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் இனியவன், "ஊர்ல ஓடற காருக்கெல்லாம் சட்ட தெச்சிக் குடுக்கறே, உன் ஜாக்கெட்ட மட்டும் டெய்லராண்ட குடுக்கறியே" என்று சீண்டாத மாதம் கிடையாது.

அப்படிப்பட்டவளைத்தான் 2014இல் கம்பெனி ஜோர்டானுக்கு அனுப்பியது. சிரியாவில் சண்டைக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் ஒன்றில் பெண்களுக்கு மெஷின் பழக்க, ஒவ்வொரு நாட்டுக் கிளையிலிருந்தும் ஆளெடுத்து இரண்டு வாரத்துக்கு அனுப்பினார்கள். யார் வருகிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டபோது தையல் லைனில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். இவள் கையைத் தூக்கிவிட்டாள். ஏன் தூக்கினாள் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வராது. பாவப்பட்ட ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாமே என்றும் இருந்தது. விமானத்தில் ஏறிப் பார்க்கும் ஆசையும் இருந்தது, அதில் என்ன வெட்கம்?

கிளம்புமுன் வகுப்பு எடுத்தார்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: மறுபடி வருவேன் என்று அங்கே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், அவர்கள் ஏற்கெனவே காத்திருந்து நொந்தவர்கள். செந்தாமரை பலமாகத் தலையாட்டினாள்.

முகாமில் அவளுக்குப் பக்கத்து மெஷின் ஹனானுடையது. அறுபதை நெருங்கிய அம்மாள். சொந்த ஊரில் கல்யாண உடுப்பு தைத்தவர். முதல் நாள் அவர் கை ஓடிய வேகத்தைப் பார்த்துச் செந்தாமரை தன் மெஷினை நிறுத்திவிட்டாள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். கரண்டில் ஓடும் அந்தப் பெரிய மெஷின் மட்டும் ஹனானுக்குப் புதிது. அதை இவள் பழக்க, உடுப்புக்குக் கழுத்து வெட்டுவதை அவர் பழக்கினார். பேச்சுக்கு ரீம் என்ற பெண் இருந்தாள். செந்தாமரை ஷிஃப்டில் பொறுக்கிய அரைகுறை இங்கிலீஷை அரபியாக்குவாள். சண்டை நாளில் ரொட்டி வாங்கப் போன ஹனானின் மகன் திரும்பவேயில்லை என்பதும் ரீம் வழியாகத்தான் தெரிந்தது.

புறப்படும் நாளில் ஹனான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். 'போறேன்' என்று எப்படிச் சொல்வது? அது அமங்கலம் என்று பெற்றவர்கள் நாக்கிலேயே எழுதி வளர்த்தாயிற்றே! "போயிட்டு வரேம்மா" என்றாள். கையோடு அதை இங்கிலீஷிலும், "ஐ கோ அண்ட் கம்" என்றாள். ரீம் எழுத்துப் பிசகாமல் அரபியில் சொன்னாள். ஹனானின் முகம் மலர்ந்தது. பாசக்கார அம்மா என்று நினைத்தபடி செந்தாமரை பஸ் ஏறினாள்.

அடுத்த வருஷம் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கும் கோதண்டராமன் அதே முகாமுக்குப் போனார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவளுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"இன்னா செந்தாமர, இன்னா சொல்லிட்டு வந்தே நீ? உன் மெஷினாண்ட ஒருத்தரையும் உக்கார வுட மாட்டேங்குது அந்தம்மா. வந்தவங்கள்லாம் பை சொல்லிட்டுப் போயிட்டாங்களாம், நீ ஒருத்திதான் திரும்பி வரேன்னியாமே?"

செந்தாமரை டீயைக் கீழே வைத்தாள். "ஐயோ, அது நாம எல்லாரும் சொல்றதுதானேண்ணா!"

"அத்த நான் எப்டி சொல்றது? அந்தம்மாவும் ரீமும் பக்கத்துலதான் கீறாங்க. நீயே பேசு."

'சீக்கிரம் வரேன்' என்று இன்னொரு தரம் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒருமுறை போனவரைக் கம்பெனி மறுபடி அனுப்பாது. ஏற்கெனவே ஒருவனுக்காக வழி பார்த்திருக்கிறவரைத் தனக்காகவும் பார்க்க வைப்பதா? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, தடுமாறித் தடுமாறி ரீமிடம் சொன்னாள்: தன்னால் வர முடியாது. எங்கள் ஊரில் பக்கத்துக் கடைக்குப் போனால்கூடப் போகிறேன் என்று சொல்ல மாட்டோம். போயிட்டு வரேன் என்றுதான் சொல்வோம். போகிறவர் நல்லபடியாக இருக்கட்டும் என்பதற்காக. ஏமாற்றச் சொன்னதில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அந்தப் பக்கம் ரீமின் குரல் ஓடி ஓய்ந்தது. லைன் போய்விட்டதோ என்று செந்தாமரை போனைப் பார்த்தாள்.

"திரும்பி வராதவரும் போகும்போது அதைத்தான் சொல்வாரா என்று கேட்கிறார்" என்றாள் ரீம்.

"ஆமா."

ஹனான் மெதுவாக ஏதோ சொன்னார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ மெஷினை ஓட்டத் தொடங்கினார்கள்.

"வேறொரு பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டார்" என்றாள் ரீம். "இன்னொன்று கேட்கிறார். ஒருவர் அப்படிச் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் பதிலுக்கு என்ன சொல்வார்கள்? உங்கள் மொழியிலேயே சொல்ல வேண்டுமாம்."

செந்தாமரை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போயிட்டு வா."

ஹனான் தட்டுத்தடுமாறி அதைச் சொன்னார். செந்தாமரை ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தினாள். அவர் மறுபடி, இப்போது திருத்தமாக, சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னபோதுதான் அது தனக்கில்லை, ரொட்டி வாங்கப் போனவனுக்கு என்று அவளுக்குப் புரிந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.