நான்கை அழுத்தவும்

என் கணவர் ரெமிஜியஸுக்குக் கடவுள் கொடுத்த ஒரே சொத்து குரல். பிரேசர் டவுன் மாதா கோவிலில் ஞாயிறு வாசகம் அவர் படித்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். வீட்டில் என்னைத் திட்டினாலும் ஆசீர்வாதம் மாதிரிதான் கேட்கும். அதனாலேயே நான் அவருக்குப் பயந்ததில்லை.

அந்தக் குரலை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. கம்பெனிகளுக்குப் போன் செய்தால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று வருமே, அதைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் பதிவுசெய்து கொடுப்பார். ஸ்டுடியோவில் இருநூறு துண்டு வாக்கியங்கள் உள்ள தாளை நீட்டுவார்கள். படித்துவிட்டு வந்துவிடுவார். எந்தத் துண்டு எங்கே போய் ஒட்டுகிறது என்று இருபது வருடத்தில் இந்த மனுஷன் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி கையில் போனோடு வந்தார். அவர் கணவர் சீனிவாசராகவன் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

"தினம் ஏழு மணிக்கு மெசேஜ் வரது, ரெமிஜியஸ். 'சீனிவாசராகவன் சார், இன்னிக்கு எடை பார்த்தாச்சா?'ன்னு. அவர் சேர்ந்திருந்த டயட் ஆப். ஆப்பையே எடுத்துட்டேன், அப்பவும் நிக்கலை. போன் பண்ணித்தான் நிறுத்தணுமாம். பண்ணினா நீங்க பேசறேள்."

"நானா மாமி?"

மாமி ஸ்பீக்கரைப் போட்டார். 'சந்தாவிலிருந்து விலக நான்கை அழுத்தவும்.' அழுத்தினார். 'உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை.' உடனே, 'முதன்மைப் பட்டியலுக்கு நல்வரவு' என்று பழையபடி தொடக்கத்துக்கே வந்து நின்றது. மறுபடி நான்கு. மறுபடி மனமில்லை.

"பதினோரு தடவை அழுத்திட்டேன். நீங்களே உள்ள ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திடுங்கோ," என்றார், ஒரு கப் சர்க்கரை கேட்பதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. சேர ஒரு தட்டுத் தட்டினால் போதும், விலக வழியே கிடையாது. அந்த வாசலில் காவல் நிற்பது என் வீட்டுக்காரர்!

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார். "வாய்ஸ் குடுக்கறது மட்டும்தானே சார் உங்க வேலை? திங்கக்கிழமை முந்நூறு லைன் இருக்கு, வந்துடுங்க," என்றார்கள்.

ஆளைச் சேர்த்துக்கொண்டு விலகவிடாமல் சுற்றவிடுவது முறைகேடு என்று 2023-லேயே விதி வந்துவிட்டது. பேப்பரில் படித்துவிட்டு நான்தான் அப்போது அவருக்குச் சொன்னேன். 'நமக்கென்ன' என்று இட்லியைப் பிட்டவர் அவர். இப்போது நினைவுபடுத்தினேன்.

"புகார் குடுத்தா அப்புறம் அந்த ஸ்டுடியோ பக்கமே தலைகாட்ட முடியாது, பிரபா."

"தெரியுது," என்றேன். ஆனாலும் போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அடித்தார். எடுத்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த ரெகார்டிங்ல பேசறது யாருன்னு தெரியுமா சார்?" என்றாள்.

"நான்தான் மேடம். பேரு ரெமிஜியஸ். எழுதிக்கோங்க."

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார், அதுல வர்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்க," என்றாள்.

"உங்களை இழக்க..." என்று தொடங்கியவர், எதிரே உட்கார்ந்திருந்த மாமியைப் பார்த்தார். எந்தப் பதிவிலும் தடுமாறாதவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

மாமி கைநீட்டிப் போனை வாங்கி மீதியைச் சொன்னார். அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.