மகரந்தக் காலத்தில் விட்டுப்போன இரண்டு பாடங்கள்

சென்ற வருடம் ஒக்டோபரில் இருந்து சில மாதங்கள் நான் முருகனோடு கதைக்கவில்லை. சாமியறை விளக்கைக் கணவர்தான் ஏற்றினார். அடியார்களாகிய உங்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கோபத்தை மறைத்துவிட்டு அவன் செய்ததை மட்டும் சொன்னால் அது அரைகுறையாகிவிடும்.

என் பெயர் சுகந்தி. மெல்பேர்னின் டண்டினொங்கில் இருக்கிறேன். விழித்திரை நோயால் பக்கப் பார்வை போய்விட்டது. நடுவில் மட்டும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரியும். முன்பு ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினேன். பார்வை குறைய அந்த வேலை போனது. நாற்பது தாண்டிய பிறகு, கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, உளவள ஆலோசனை படிக்கத் தொடங்கினேன். கட்டணத்துக்கு அரசாங்கத்தின் மாணவர் கடன். எங்கள் ஆட்கள் ஹெக்ஸ் என்பார்களே, அதுதான். நாளைக்கு வேலை கிடைத்து ஓரளவு சம்பளம் வந்தால் வரியோடு சேர்த்து வெட்டுவார்கள்.

மெல்பேர்னில் வசந்த காலம் வந்தால் எல்லோரும் படம் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அது தண்டனைக் காலம். செப்டெம்பரில் மூக்கு தொடங்கும். அந்த வருடம் ஒக்டோபரில் புல்லின் மகரந்தம் கண்ணிலும் இறங்கியது. இமை வீங்கி, நீர் வடிந்து, இருந்த அந்தச் சிறிய துவாரமும் மூடிப்போனது. மருந்து போட்டால் நித்திரை வரும். போடாவிட்டால் எழுத்து தெரியாது. ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை தவணை தந்தார்கள். இரண்டாம் முறை கேட்டபோது வைத்தியரிடம் இன்னொரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

நவம்பரில், பரீட்சைக்கு முந்திய நாள், காலையில் சூடான வடக்குக் காற்று. பின்னேரம் இடியோடு மழை. இடிமழையில் மகரந்தம் நொறுங்கி மூச்சுக்குள் இறங்குமாம். மழை விழுந்து கால் மணித்தியாலத்தில் எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அம்புலன்ஸ் வந்தது. மூன்று நாள் வைத்தியசாலையில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. இரண்டு பாடங்களிலும் சித்தியில்லை. ஆனால் இரண்டுக்கும் கடன் அப்படியே நின்றது.

எங்கள் கையை மீறிய நோய் வருத்தத்தால் படிப்பு தடைப்பட்டால் அந்தக் கடனை நீக்கக் கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. டிசெம்பரில் விண்ணப்பிக்கப் போனேன். இயலாமை உள்ளவர்களும் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தை என் கணினியால் பெரிதாக்கவும் முடியவில்லை, வாசித்துச் சொல்லவும் முடியவில்லை. தொலைபேசி எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் பாட்டுப் போட்டார்கள். பிறகு வந்த பிள்ளை, படிவம் இணையத்தில் இருக்கிறது என்றாள். அன்று நான் அழவில்லை. தும்மிக்கொண்டிருந்ததால் அழ நேரம் கிடைக்கவில்லை.

கணவர் ரவி நிரப்பித் தந்தார். வைத்தியரின் கடிதத்தையும் வைத்து அனுப்பினோம். ஜனவரியில் பதில் வந்தது. ரவி வாசித்தார். பார்வைக் குறைபாடும் ஒவ்வாமையும், கடன் ஏறாமல் பாடத்தை விட்டு விலகக்கூடிய ஓகஸ்ட் மாதக் கடைசித் திகதிக்கு முன்பே எனக்கு இருந்தவையாம். தெரிந்துகொண்டே படிப்பைத் தொடர்ந்தேனாம். ஆகவே கடனை நீக்க முடியாதாம். கண் தெரியாதவள் என்பதே என் குற்றமாகிவிட்டது.

“விடும் சுகந்தி,” என்றார் ரவி. “நீர் உழைக்கத் தொடங்கினாப் பிறகுதானே வெட்டுவினம்.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. வாசிக்கவே முடியாமல் போன பாடங்களுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? இன்னொரு முறை தவறினால் படிப்பை விட்டே நிறுத்துவார்கள் என்ற பயமும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகு சாம்பிராணிப் புகையும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரவி உள்ளே போக, நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தேன். மணிச் சத்தம் மட்டும் கேட்டது. உன் வாசலுக்குள்ளும் என்னை விடமாட்டாயா என்று அவனோடு சண்டை பிடித்தேன். பிறகு வாய் விட்டுச் சொன்னேன்.

“முருகா, கண்ணைத் தா எண்டு கேக்கேல்லை. கடனைத் தீர் எண்டும் கேக்கேல்லை. நான் சொல்லுறதை முழுசாக் கேக்கிற ஒரு ஆளை அனுப்பு. அது போதும்.”

திங்கட்கிழமை மூச்சு மருந்துச் சீட்டுக்காக எங்கள் வைத்தியரிடம் போனேன். வரவேற்பு மேசையில் இருக்கும் மாலதி தமிழ்ப் பிள்ளை. வழக்கமாக வணக்கத்தோடு சரி. அன்று வைத்தியர் வரப் பிந்தியது. என் பையில் இருந்த கடிதத்தைப் பார்த்து, வாசிக்கட்டுமா என்று அவளாகவே கேட்டாள். மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். நாங்கள் அனுப்பிய வைத்தியர் கடிதத்தையும் கணினியில் எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு வருத்தம் இல்லையெண்டு அவை சொல்லேல்லை,” என்றாள். “எப்ப கூடினது எண்டுதான் கேக்கினம். எங்கட கடிதத்தில ஒரு திகதியும் இல்லை.”

அவ்வளவுதான் விஷயம். ரவியும் நானும் எத்தனையோ தரம் பார்த்தும் எங்களுக்குப் பிடிபடாதது. முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க நான்கு நாட்கள்தான் மிச்சம். மாலதி அதை வைத்தியரிடம் சொல்ல, அவர் பதிவுகளைத் திறந்து, செப்டெம்பரில் எப்படி இருந்தேன், ஒக்டோபரில் எத்தனை முறை வந்தேன், எந்த நாளில் இருந்து வாசிக்க முடியவில்லை, எந்த நாள் அம்புலன்ஸ் என்று புதிதாக எழுதித் தந்தார். எல்லாம் ஓகஸ்டுக்குப் பிறகு. ரவி அரைநாள் லீவு எடுத்து அனுப்பினார்.

மார்ச் மாதம் ஒரு காலை மின்னஞ்சல் வந்தது. கணினிக் குரல் என் பெயரைக் கொன்றுதான் வாசிக்கும். இரண்டு பாடங்களின் கடனும் நீக்கப்பட்டது, சித்தியில்லை என்பதும் எடுக்கப்பட்டது என்று அது சொன்னது. மூன்று முறை போட்டுக் கேட்டேன். பிறகு நானே போய் விளக்கேற்றினேன்.

ஒவ்வாமை போகவில்லை. இந்த வருடமும் தும்முகிறேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பாரமான பாடங்களை வருட முற்பகுதியில் எடுத்துப் படிக்கிறேன். எங்கள் பஜனைக்கு வரும் ஒரு தாய் போன மாதம் தன் மகனுக்கு வந்த இப்படியொரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவன் சக்கர நாற்காலியில் படிக்கிறான். ரவி வாசிக்க, நான் திகதிகளைக் கேட்டுக் கேட்டு எழுதுவித்தேன். பதில் இன்னும் வரவில்லை.

உங்களில் யாராவது இப்படி ஒரு கடிதத்தை மடித்து வைத்திருந்தால், வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். முருகனோடு கோபமா? கோபத்தோடேயே கேளுங்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கேட்டுவிட்டு அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இருந்து முழுவதையும் வாசிப்போம்.