பின்சுவர் இறங்கிய அளவு

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டின் இரும்புப் பரண் சரிந்து விழுந்தது. அதன் மேல் துணி ரோல்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் இறந்துபோனார். கீழே நின்றிருந்த இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. போலீசும் அதிகாரிகளும் வந்துபோன பிறகு யூனிட்டின் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

நான் கட்டடப் பொறியாளர். ஒரு கட்டுமானத்தைக் கம்ப்யூட்டரில் மாதிரியாக வரைந்து, பாரம் ஏற்றி, எங்கே வளைகிறது, எங்கே முறிகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். எங்கள் பக்கத்தில் கட்டும்போது என்னைத் தேடுகிறவர்கள் குறைவு. விழுந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

"ஏன் உளுந்துச்சுன்னு தெரியாம மறுபடி மெசினை ஓட்ட மாட்டனுங்க அம்மிணி. எனக்குத் தெரிஞ்சாகோணும்" என்றார் முதலாளி. கொஞ்ச காலம் முன்புவரை விவசாயம் பார்த்தவர். பேசும்போது பரண் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். இறந்தவர் ரோல்களைப் பரப்பி வைக்காமல் பின்பக்கமாகவே குவித்துவிட்டாராம். அது உண்மைதான். இடிபாட்டின் படங்களிலேயே தெரிந்தது.

அளவெடுத்து வந்து மாதிரியை வரைந்தேன். நீளமான இரும்பு பீம்கள். ஒவ்வொன்றும் முன்னால் ஒரு தூணிலும் நடுவில் ஒரு தூணிலும் பின்னால் செங்கல் சுவரிலும் உட்கார்ந்திருந்தது. மாதிரியில் பாரத்தைவிட முக்கியமானது, அந்தப் பொருளை எங்கே பிடித்திருக்கிறோம் என்பது. இந்த முனை அசையாது, அந்த முனை திரும்பலாம், ஆனால் இறங்காது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பீம் வெறுவெளியில் மிதக்கும், கணக்கே ஓடாது. மூன்று இடத்திலும் இறக்கம் பூஜ்யம் என்று கொடுத்தேன். ரோல்கள் முழுவதையும் பின்பக்கமாகவே ஏற்றினேன். பீம் நன்றாக வளைந்தது. ஆனால் முறியவில்லை. அதிக அழுத்தம் வந்த இடமும் பொருந்தவில்லை. மாதிரியில் அது பின்பாதியின் நடுவில் வந்தது. நிஜத்தில் நடுத்தூணுக்கு மேலே இருந்த வெல்டிங்தான் பிய்ந்திருந்தது.

அந்த வாரம்தான் இறந்தவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவுக அடுக்குனதுலதான் விழுந்துச்சுன்னு சொல்லுதாங்க மேடம். கால் ஒடிஞ்ச ரெண்டு பேரும் எங்க லைன் வீட்லதான் இருக்காங்க. தண்ணி பிடிக்கப் போனாக்கூட யாரும் பேச மாட்டேங்காங்க. நெசமாவே அவுக செஞ்சதா?"

"இன்னும் தெரியலைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை திரும்பவும் யூனிட்டுக்குப் போனேன். இந்த முறை உள்ளே நுழையாமல் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். பின்சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியிருந்தார்கள். ஆழமான குழி. மழைநீர் நிரம்பி, சுவர்ப்பக்கத்து மண் கரைந்து உள்ளே சரிந்திருந்தது. ஒரு கொத்தனாரை வரவழைத்து தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பிடித்துப் பார்த்தோம். பீம்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சுவர் மூன்று விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து, பின்முனையில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு அந்த இறக்கத்தைக் கொடுத்தேன். பாரத்தைத் தொடவில்லை. கணக்கு ஓடி முடிந்ததும், அதிக அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு நிறம் நடுத்தூணின் மேல் வந்து நின்றது. வெல்டிங் பிய்ந்த அதே இடம். பின்னால் தாங்க வேண்டிய சுவர் நழுவிவிட்டதால் பாரம் முழுவதும் நடுவில் போய்த் தொங்கியிருக்கிறது. ரோல்களைப் பரப்பி வைத்தும் பார்த்தேன். அப்போதும் அதே இடத்தில் முறிந்தது.

முதலாளியிடம் அவர் அறையிலேயே சொன்னேன்.

"குழி தோண்டச் சொன்னது நானுங்க. மழைக்கு முன்னாடி முடிச்சுப்போடலாம்னு அவசரப்படுத்துனதும் நாந்தான்." பிறகு, "இதை அப்படியே எழுதித்தான் ஆகோணுங்களா?" என்று கேட்டார்.

"எழுதித்தான் ஆகணுங்க."

"எழுதுங்க" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைகிட்ட நான் போயிச் சொல்றனுங்க. நீங்களும் கூட வாங்க. எனக்கு வெவரமாச் சொல்ல வராது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இறந்தவரின் மனைவி வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை வீடு. முதலாளி வாசற்படிக்கு உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்.

"உன்ற ஊட்டுக்காரர் மேல தப்பு இல்லீம்மா. தப்பு எம்மேல. நான் தோண்டுன குழியில சொவுரு எறங்கிப்போச்சு." மீதியை நான் சொல்லட்டும் என்று என் பக்கம் திரும்பினார்.

நான் லேப்டாப்பைத் திறந்து இரண்டு மாதிரிகளையும் காட்டினேன். சுவர் இறங்காமல் இருந்தால் இப்படி, இறங்கியதால் இப்படி என்று. அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுல அவுக எங்க நின்னாக?"

என் மாதிரியில் மனிதர் யாரும் இல்லை. ரோல்களின் எடைக்கு முன்னால் ஓர் ஆளின் எடை கணக்கில் தெரியாது என்று விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். பின்பாதியில், சுவரை ஒட்டிய ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

விரலை எடுத்ததும் முதலாளியிடம் சொன்னார்: "எங்கிட்டச் சொன்னது போதாது மொதலாளி. அங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

முதலாளி சொன்னார். யூனிட்டை மறுபடி திறந்த அன்று, மெஷின்களை ஓடவிடுவதற்கு முன்னால் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, குழியைப் பற்றிச் சொன்னார். அங்கே வேலை செய்யும் பீகார்ப் பையன்களுக்குப் புரியட்டும் என்று சூப்பர்வைசர் அதை ஹிந்தியில் திருப்பிச் சொன்னார். வழக்கு நடக்கிறது, என் அறிக்கையும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பெண் வாசல் கேட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும், கால் முறிந்தவர்களில் ஒருவர் ஊன்றுகோலுடன் அவரிடம் வந்தார்.

"நானுந்தான் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அக்கா."

அந்தப் பெண் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு, "கட்டு எப்பப் பிரிக்காங்க?" என்று கேட்டார். ஊன்றுகோலுடன் நின்றவர் ஏதோ சொன்னார். உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிவிட்டதால் அது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பேசினார்கள். பிறகு ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று என்னிடம் சொல்லிக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.